கொரட்டூர் குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

மழைநீர் வடிகால், தெருவிளக்கு, சந்தா பாக்கி மூன்றிலும் போன வருஷம் வாசித்ததையே மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்த ஆண்டு சங்க அறை அதிகம் பயன்பட்டது எம்.பி.ஏ. படிக்கும் நம் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை நேர்காணல் பயிற்சிக்குத்தான். தொடங்கி வைத்தது நம் வாட்ஸ்அப் குழு. "பையனோட ரெஸ்யூம், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று வரிசையாக வந்தன. அப்படி அனுப்பியதால் யாருக்கும் வேலை கிடைத்ததாக எனக்குத் தகவல் இல்லை. தாங்கள் சேர விரும்பும் நிறுவனத்தில் இருக்கும் தம் கல்லூரியின் பழைய மாணவரைத் தேடிப் பிடித்து, "சேர்ந்ததும் உங்களுக்கு என்ன வேலை கொடுத்தாங்க?" என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பதிலும் வந்தது, சிலருக்கு அறிமுகமும் கிடைத்தது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பு இரண்டு வருஷம்தான். ஆனால் ஏப்ரலில் தொடங்கும் இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு பல கல்லூரிகளில் முதல் வருஷ தீபாவளியை ஒட்டியே முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு மாத வேலை பிடித்துப்போனால் நிறுவனமே பி.பி.ஓ. (Pre-Placement Offer), அதாவது படிப்பு முடியும் முன்பே வேலை வாய்ப்பு, கொடுத்துவிடும், இறுதியாண்டு கேம்பஸ் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆகவே ரெஸ்யூம் வேலையை ஆடி மாதத்திலேயே தொடங்குவது நல்லது.

பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் நிதித்துறை வேலை கேட்டிருந்தார். ரெஸ்யூமில் தலைமைப்பண்பு, குழு மனப்பான்மை எல்லாம் இருந்தன. பர்ச்சேஸ் மேலாளராக ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் அதை மூடி வைத்துவிட்டு, "அப்பா என்ன செய்யறார் தம்பி?" என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையாம். பெரிய கம்பெனிகளிடம் பில் தொகை வசூலிக்கும் கணக்கைப் பையன்தான் பார்க்கிறாராம்! சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம், பணம் தாமதமானால் கூலிக்கு எங்கே கடன் வாங்குவது, எல்லாம் அத்துப்படி. நடைமுறை மூலதனத்தைப் பற்றி, அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டும் பணத்தைப் பற்றி, இதைவிட நல்ல பதில் எந்த வகுப்பில் கிடைக்கும்? ஆனால் ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்டறை என்று சொல்லக் கூச்சமாம். இப்போது முதல் வரியே அதுதான்.

அப்புறம், பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பற்றிப் பலர் கேட்டீர்கள். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது வந்த விதிகளின்படி, எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கும் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அதில் இடமில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கு நேர்காணல் போகிறவர்கள் அதன் ஆண்டறிக்கையை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நம்முடையதைவிட நீளம், ஆனால் உபயோகம். வேலைக்கு முன்பணம் கேட்பவர் எவரானாலும் பிள்ளையை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வரும் ஆண்டு குழு விவாதப் பயிற்சியும் நடத்த உத்தேசம். மனிதவளத் துறையில் இருந்தவர்கள் நம்மிடம் குறைவு. முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்