நீதிபதிகளின் வரிசையை வெறுமனே விட்டுவிடாதீர்கள்

டெக்சாஸ் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகர்லேண்ட், மிசௌரி சிட்டி, ரிச்மண்ட் பக்கம் குடியிருக்கும் தமிழ் வாக்காளர்களுக்கு,

வணக்கம். ஊரில் நாம் யாரும் நீதிபதிக்கு ஓட்டுப் போட்டதில்லை. அங்கே முன்சீப் ஆக டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். டெக்சாஸிலோ மாவட்ட நீதிபதியை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் கட்சிப் பெயரோடு. இது நமக்குப் பழக்கமில்லாததால்தான் வாக்குச்சீட்டில் ஜனாதிபதி அல்லது ஆளுநர் வரை குறித்துவிட்டுக் கீழே வரும் நீண்ட நீதிபதி வரிசையைப் பலரும் தொடாமல் வந்துவிடுகிறோம். விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது, வீட்டு மனைத் தகராறு, பெருங்குற்ற வழக்கு எல்லாம் போய் நிற்பது அந்த நீதிபதிகள் முன்னால்தான்.

2020க்கு முன் ஒரே பொத்தானை அழுத்திக் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போடலாம். பக்கத்து ஹாரிஸ் கவுண்டியில் 2018இல் போட்டி நடந்த 59 நீதிபதி இருக்கைகளையும் ஜனநாயகக் கட்சியே வென்றது. அந்த அலையில் நல்ல நீதிபதியையும் சுமாரானவரையும் யார் பிரித்துப் பார்த்திருக்க முடியும்? இப்போது அந்தப் பொத்தான் இல்லை. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத்தான் குறிக்க வேண்டும். தெரிந்து குறிப்பவர்களின் ஓட்டுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

நம் கவுண்டியின் 240ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்கு 2022இல் தேர்வான சுரேந்திரன் கே. பட்டேலின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். காசர்கோட்டில் பிறந்தவர். சிறுவயதில் பீடி சுற்றினார், பத்தாவதோடு படிப்பை நிறுத்தி மறுபடி தொடர்ந்தார், ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டே கோழிக்கோட்டில் சட்டம் படித்தார். செவிலியரான மனைவியோடு 2007இல் இங்கே வந்தபோது முதலில் கிடைத்தது மளிகைக் கடை வேலை. பிறகு டெக்சாஸ் வழக்கறிஞர் தேர்வில் தேறி, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்தார். 2017இல் குடியுரிமை. 2020இல் போட்டியிட்டுத் தோற்றார். 2022இல் சொந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரை மக்கள் ஓட்டால் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) பதவியிலிருந்த நீதிபதியையே வீழ்த்தி, நவம்பரிலும் வென்று, 2023 ஜனவரியில் பதவியேற்றார். பிரச்சாரத்தில் அவருடைய உச்சரிப்பைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதே உச்சரிப்போடு இங்கே வாழும் எனக்கு அவர் வென்றது பெரும் மகிழ்ச்சி.

ஆனால் அந்த மகிழ்ச்சி வேறு, ஓட்டு வேறு. ‘நம்ம பக்கத்துக்காரர்’ என்பதற்காக யாரையும் நீதிபதி ஆக்கக்கூடாது. அவர் பேச்சு நம்முடையதுபோல இல்லை என்பதற்காக யாரையும் ஒதுக்கவும் கூடாது. நீதிபதியை அவர் நீதிமன்றம் நடத்தும் விதத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். ரிச்மண்டில் இருக்கும் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணையைப் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். வக்கீல் இல்லாமல் வந்தவரை அவர் எப்படி நடத்துகிறார், ஆங்கிலம் தடுமாறும் சாட்சி சொல்லி முடிக்கும்வரை பொறுக்கிறாரா என்று பாருங்கள். அரை நாள் போதும். வேட்பாளர்களுக்கு நிதி கொடுத்தவர்களின் பட்டியலும் பொதுவில் கிடைக்கும். அதில் வழக்கறிஞர்களின் பெயர் நிறைய இருக்கும். நாளைக்கு அதே நீதிபதி முன் வாதாடப்போகிறவர்கள். கட்சி அடிப்படையிலான இந்த நீதிபதித் தேர்தலை டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி வாலஸ் ஜெஃபர்சனே எதிர்த்துப் பேசியிருக்கிறார். எனக்கும் இந்த முறை பிடிக்கவில்லை. மாறும்வரை இதற்குள் கவனமாக ஓட்டுப் போடுவதே நம் கையில் இருக்கிறது.

மார்ச் மாத முதனிலைத் தேர்தலை விட்டுவிடாதீர்கள். 240ஆவது நீதிமன்றத்தில் பதவியிலிருந்தவர் தோற்றது அங்கேதான். டெக்சாஸில் முன்கூட்டியே கட்சியில் பதிவு செய்யத் தேவையில்லை. எந்தக் கட்சியின் முதனிலையில் ஓட்டுப் போடுவது என்பதை அன்றைக்கே முடிவு செய்யலாம். வாக்குச்சாவடிக்குள் கைபேசி கூடாது. ஆகவே மாதிரி வாக்குச்சீட்டை முன்னதாகவே எடுத்து, விசாரித்துப் பார்த்த பெயர்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்குத் தடையில்லை.

நம் சங்க நிகழ்ச்சிகளுக்கு வேட்பாளர்கள் வந்தால் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், இரு கட்சியினரையும் ஒரே மேடையில் உட்கார வையுங்கள். எந்த வழக்கில் என்ன தீர்ப்பு என்று அவர்கள் வாக்குறுதி தரமுடியாது, கேட்கவும் கூடாது. ஒரு குடும்ப வழக்கு முடிய உங்கள் நீதிமன்றத்தில் எவ்வளவு காலம் ஆகிறது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கவுண்டி வாக்காளர் ஒருவர்