பசை போகத் தேய்த்துக் கொடுத்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஊத்தங்கரை மக்களுக்கும், கல்லாவி, சிங்காரப்பேட்டை, மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயலில் கொட்டிய 50 செ.மீ. மழை என்பது செய்தி படிப்பவர்களுக்கு ஓர் எண். நம் தெருவில் அது என்னவாக வந்து நின்றது என்று நமக்குத் தெரியும். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், பழைய பிளாஸ்டிக் டப்பாக்களில் கூடையும் தொட்டியும் தோரணமும் செய்யும் எங்கள் கொட்டகையும் நிற்கிறது. உள்ளே இருந்ததுதான் போயிற்று. கத்தரியும் சூட்டுக்கோலும் சேற்றுக்கடியில் பத்திரமாகக் கிடந்தன. மூடி போட்டு அடுக்கி வைத்திருந்த கேன்களும் டப்பாக்களும் மிதந்து, கதவைத் தள்ளிக்கொண்டு ஊர்வலம் போய்விட்டன. யாருடைய வயலிலாவது ஒதுங்கியிருந்தால் எடுத்து வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம்.

சேறு அள்ளிய கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் தெருவுக்கும் சேர்த்து உலை வைத்த பக்கத்துத் தெரு அக்காக்கள், தங்கள் வீடு நனைந்து கிடக்கும்போதே வேலைக்கு வந்த பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள், தையல் மெஷினைக் கழற்றிக் காயவைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்த மெக்கானிக் தம்பி, முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத பர்கூர் ஆசிரியை, பணம் அனுப்பிவிட்டுப் பெயர் போட வேண்டாம் என்றவர்கள் - உங்கள் எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன். காபி போட்டு வையுங்கள்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பழைய இரும்புக் கடை அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான். அவருக்கும் எனக்கும் விலைப் பேச்சு சுமுகமாக முடிந்த நாள் கிடையாது. அவர் கிலோவுக்குக் கூட்டுவார், நான் குறைப்பேன். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு மாலை மொபெட்டில் மூட்டைகளோடு வந்து நின்றார். அவிழ்த்துப் பார்த்தால் ஆயில் கேன்கள், ஷாம்பு பாட்டில்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒன்றிலும் லேபிள் இல்லை. தடவிப் பார்த்தேன், பசைகூட இல்லை.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. டப்பாவை வெட்டுவதும் வளைப்பதும் வர்ணம் பூசுவதும் எல்லோருக்கும் பிடிக்கும். லேபிள் உரிப்பது யாருக்கும் பிடிக்காது. வெந்நீரில் ஊறவைத்து, நகத்தால் கிளப்பி, மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, அந்த எண்ணெய் போக மறுபடி சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பசை இருந்தால் பெயிண்ட் செதிலாக உதிர்ந்துவிடும். பசை போனாலும் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் பெயிண்ட் நிற்காது என்பது வேறு கதை. அண்ணனும் அண்ணியும் மின்சாரம் வராத இரவுகளில் உட்கார்ந்து, தலைக்கு வைத்திருந்த எண்ணெயைச் செலவழித்து, இதைச் செய்திருக்கிறார்கள்.

அதோடு விடவில்லை. அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும், எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும் எண்ணைப் பார்த்துப் பிரித்தும் கட்டியிருந்தார். 2 ஒரு மூட்டை: கேன், ஷாம்பு பாட்டில், கத்தரிக்கு இணங்கும், கூடை பின்ன இதுதான். 5 ஒரு மூட்டை: ஐஸ்கிரீம் டப்பா, மூடிகள், எத்தனை முறை மடக்கினாலும் எளிதில் விட்டுப்போகாது. 1 தனியாக: தண்ணீர் பாட்டில், சூடு காட்டினால் சுருண்டு பூவிதழாகும். சுட்டால் கெட்ட புகை கக்கும் 3 ஒன்றுகூட இல்லை. பூச்சிமருந்து டப்பாக்களையும் அறவே ஒதுக்கியிருந்தார். "பிள்ளைகள் கை வைக்கிற பொருளம்மா" என்றார்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "நீதான். என் குவியலைக் கிளறும்போதெல்லாம் இது ரெண்டு, இது அஞ்சு என்று சத்தம் போடுவாயே, காது கேட்காதா?" பணத்தை நீட்டினேன். "எடை போடவில்லை, விலை எப்படிச் சொல்வது?" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. 2019 ஜனவரியில் அரசு தடை செய்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பை, கப் போன்றவற்றை. எண்ணெய் கேனும் ஷாம்பு பாட்டிலும் மாதம் தவறாமல் வீட்டுக்கு வருகின்றன. அவற்றில் நாங்கள் பூந்தொட்டியாக்குவது கைப்பிடியளவு. அந்தத் தொட்டியும் நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் நொறுங்கும். மிச்சம் அத்தனையும் பிரித்து, எடை போட்டு, மறுசுழற்சிக்கு அனுப்புவது இவரைப் போன்றவர்கள். கண்காட்சி மேடையில் சால்வை மட்டும் எங்களுக்கு.

ஆகவே, இந்தப் பொங்கலிலிருந்து எங்கள் பொருள் எதிலும் அடியிலுள்ள எண்ணின்மேல் பெயிண்ட் பூச மாட்டோம். ஜிகினா கிடையாது, சிமெண்ட் பூச்சு கிடையாது. ஒட்டுவதற்குப் பதில் துளை போட்டுக் கம்பியால் கட்டுவோம், அறுத்தால் தனித்தனியாகப் பிரியும். உடைந்ததைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், அண்ணன் கடைக்கு நாங்களே சேர்த்துவிடுகிறோம். ஜிகினா இல்லாமல் கொலுவா என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

தோரணமும் கோல அச்சும் கேட்டிருந்தவர்களுக்கு: பொங்கலுக்கு முன் வந்துவிடும், கூடைக்குச் சற்றுத் தாமதமாகும். நிவாரணத்துக்கு வந்த தண்ணீர் பாட்டில்கள் வீட்டில் குவிந்திருக்குமே, அவற்றை எரிக்காதீர்கள், மூடியோடு கொட்டகையில் கொண்டுவந்து போடுங்கள். லேபிளை மட்டும் நீங்களே உரித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் உங்கள் செலவு.