என் தங்கையின் பிரசவத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

வணக்கம்.

பெயர் போட்டு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் சம்மதிக்கவில்லை. "எங்க டூட்டிம்மா அது, பேரெல்லாம் போடாதீங்க" என்று நர்சம்மா சொல்லிவிட்டார். டாக்டரம்மா சிரித்ததோடு சரி. ஆகவே பெயர் இல்லாத நன்றிதான். யார் என்ன செய்தார் என்பதை மட்டும் விவரமாக எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் வீட்டில் நிறைமாதப் பெண் யாராவது இருந்தால் உதவும்.

முதல் நன்றி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கு. எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கம். தங்கைக்குத் தலைப்பிரசவம். சாயங்காலம் வலி எடுத்ததும் போய்ச் சேர்ந்தோம். பெண் துணை ஒருவர் கூட இருக்கலாம் என்றதால் நான் உள்ளே இருந்தேன். அம்மாவும் தங்கையின் மாமியாரும் வெளியே பெஞ்சில்.

நர்சம்மாவிடம் கைக்குள் அடங்குகிற ஒரு டாப்ளர் கருவி இருந்தது. ஜெல் தடவி வயிற்றில் வைத்தால் பாப்பாவின் துடிப்பு அறை முழுக்கக் கேட்கும். அரை மணிக்கு ஒரு தடவை வந்துவிடுவார். ஒரு கை டாப்ளரில், இன்னொரு கை தங்கையின் மணிக்கட்டில். எதற்கு என்று கேட்டேன். "சில நேரம் அம்மாவோட நாடியையே எடுத்து பாப்பா துடிப்புன்னு கருவி காட்டிடும். ரெண்டும் வேற வேறதானான்னு பாத்துக்கணும்" என்றார். வலி வரும்போது வைத்தால், வலி விட்ட பிறகும் ஒரு முழு நிமிடம் எடுக்க மாட்டார். வலியின்போது கர்ப்பப்பை இறுகுவதால், குழந்தைக்கு ஊட்டம் கொடுக்கிற நஞ்சுக்குப் (பிளசண்டா) போகிற ரத்தம் கொஞ்ச நேரம் குறையும். தெம்பாக இருக்கிற குழந்தை அதைச் சமாளித்துக்கொள்ளும். சமாளிக்க முடியாத குழந்தையின் துடிப்பு, வலி உச்சத்துக்குப் போன பிறகு இறங்கத் தொடங்கி, வலி விட்ட பிறகுகூட ஏறாமல் கிடக்கும். அந்த ஒரு நிமிடத்தில்தான் அது தெரியும் என்றார்.

110க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் நல்லது என்று சொல்லிவைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் எண்ணை வாய்விட்டுச் சொன்னார். "142. பாப்பா நல்லா இருக்கு." நான் வெளியே வந்து அதையே சொல்வேன். "புள்ள நல்லா கீதா? 142ன்னா ஜுரமா?" என்று மாமியார் பதறிப்போனார். அவருக்கும் ஒரு தரம் விளக்கினேன். அதற்கப்புறம் நான் கதவைத் திறந்தாலே "எவ்ளோ?" என்றுதான் கேட்பார்.

ராத்திரி பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. பாப்பா உள்ளேயே மலம் போயிருக்கிறது, துடிப்பு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இனிமேல் விடாமல் கவனிக்கிற இடத்தில் இருப்பதுதான் நல்லது என்று நர்சம்மா நிதானமாகச் சொன்னார். அவரே 108க்குப் போன் செய்தார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொன்னார். அதுவரை எடுத்த எண்களையெல்லாம் நேரத்தோடு எழுதிய தாளை என் கையில் கொடுத்து, "இத பத்திரமா டாக்டர்கிட்ட குடு கண்ணு" என்றார். அங்கே போனதும் டாக்டரம்மா முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.

108 வண்டியின் டிரைவர் அண்ணனுக்கும் உள்ளே கூட வந்த தம்பிக்கும் நன்றி. ஊசூர், அரியூர், பாகாயம் என்று வழி முழுக்கத் தங்கையை இடப்பக்கம் ஒருக்களித்தே படுக்க வைத்திருந்தார் அந்தத் தம்பி. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்திவிடுமாம்.

அடுக்கம்பாறையில் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று அல்ட்ராசவுண்டில் பாப்பாவின் துடிப்பை எடுக்கும். மற்றது வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும். இரண்டையும் மெஷின் ஒரே தாளில் மேலும் கீழுமாக வரைந்துகொண்டே போகும். சி.டி.ஜி. என்கிறார்கள். இத்தனை நல்ல மெஷின் இருக்கும்போது எல்லோருக்குமே கட்டலாமே என்று கேட்டேன். சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு நர்சம்மா செய்தது போலக் கையில் வைத்து அவ்வப்போது கேட்பதே போதும், பெல்ட்டை விடாமல் கட்டிவைத்தால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் பயந்து ஆபரேஷன்தான் கூடும் என்று டாக்டரம்மா சொன்னார். உன் தங்கைக்குத் தண்ணீர் பச்சை, அதனால் கட்டுகிறோம் என்றார். ஒரு பெரிய டாக்டர் தன் மெஷினைப் பற்றி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நிமிடத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

நடுவில் ஒரு தரம் தங்கை திரும்பிப் படுத்தாள். மெஷின் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. திரையில் எண் இல்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில் பெண்ணும் அழத் தொடங்கிவிட்டாள் (அந்தத் தங்கச்சிக்கும் இங்கேயே ஒரு நன்றி, மறுநாள் எனக்கு இட்லி கொடுத்தவள் அவள்தான்). பணியில் இருந்த சின்ன டாக்டர் ஓடிவந்து பெல்ட்டை நகர்த்திப் பார்த்தார், கிடைக்கவில்லை. உடனே ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்து, திரையைத் தங்கையின் பக்கம் திருப்பினார். "இதோ பாரும்மா, துடிக்குது பார். பெல்ட்தான் நகந்துபோச்சு." திரையைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்காகவே தனியாக ஒரு நன்றி.

ஸ்கேன் மெஷின் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, "அப்படியே என்ன குழந்தைன்னு கேளு" என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னார். 1994லேயே சட்டம் போட்டுத் தடுத்த கேள்வி. விடிந்தால் தானாகத் தெரியப்போகிற விஷயம் வேறு. போனை வைத்துவிட்டேன்.

விடியற்காலையில் வலி வரும்போதெல்லாம் பாப்பாவின் துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. தொப்புள்கொடி எங்கோ நசுங்குகிறது என்றார்கள். வலிக்காக ஏற்றிக்கொண்டிருந்த டிரிப்பை நிறுத்தினார்கள். தங்கையைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். துடிப்பு சரியானது. மறுபடியும் காத்திருந்தார்கள். தங்கை ஏழு மாதமாக இருந்தபோது வேறு ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தவர்கள், கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது, ஆபரேஷன்தான் என்று அப்போதே எங்களை மிரட்டி அனுப்பியிருந்தார்கள். அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். கொடி சுற்றிய குழந்தைகள் நிறையப் பேர் சுகப்பிரசவத்தில்தான் பிறக்கிறார்கள், அது மட்டும் காரணம் ஆகாது என்றார். ஸ்கேனில் தலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றும் பார்த்தார். முகம் மேலே பார்த்தபடி இருந்தது, தலையும் இறங்கவில்லை. அப்புறம் துடிப்பு இறங்கினால் வலி விட்ட பிறகும் ஏற மறுத்தது. நர்சம்மா சொல்லிக்கொடுத்த அந்த ஒரு நிமிடம் எனக்கே அந்தத் தாளில் தெரிந்தது. டாக்டரம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுவரைக்கும் காத்திருந்தோம். இனிமே காத்திருக்கக் கூடாது" என்றார். கையெழுத்து வாங்கியதும் தெரியாது, தியேட்டருக்குள் போனதும் தெரியாது. அவ்வளவு வேகம்.

பெண் குழந்தை. 2 கிலோ 900. கழுத்தில் கொடி ஒரு சுற்று இருந்தது. அழக் கொஞ்சம் தாமதித்ததால் ஒரு ராத்திரி குழந்தைகள் வார்டில் வைத்துப் பார்த்து, மறுநாள் தாயிடம் கொடுத்தார்கள். "இவ்ளோ நேரம் வச்சிருந்து கடைசில சிசேரியன்தானே பண்ணாங்க" என்று பார்க்க வந்த சிலர் முகத்தைச் சுளித்தார்கள். காத்திருந்ததும் காரணத்தோடு, கத்தி வைத்ததும் காரணத்தோடு. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

தியேட்டருக்குள் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சு எல்லோரும் பெண்கள் என்று தங்கை பிறகு சொன்னாள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் தடுத்ததில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்துத்தான், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து 1900இல் இந்தப் பக்கம் வந்தார் என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். பாட்டி இருந்திருந்தால் அந்த தியேட்டரை அவருக்குக் காட்டியிருப்பேன்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் சின்ன டாக்டரிடம், அந்தச் சத்தம் உண்மையில் பாப்பாவின் இதயச் சத்தம்தானா என்று கேட்டேன். இல்லையாம். நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கருவி உள்ளே அனுப்புகிறது. துடிக்கிற இதயத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் சுருதி மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி நமக்குக் கேட்கிற சத்தமாக ஆக்குகிறது. காட்பாடியில் நிற்காத ரயில் வரும்போது ஹாரன் ஒரு மாதிரியும் போகும்போது வேறு மாதிரியும் கேட்குமே, அதே கணக்கு என்றார். நிஜச் சத்தம் வேண்டுமானால் பழைய காலத்து மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்க வேண்டுமாம். அந்த சி.டி.ஜி. தாளில் ஒரு துண்டு நினைவுக்குக் கேட்டேன். கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும், தர முடியாது என்று மறுத்துவிட்டார். பரவாயில்லை.

ரத்தம் கொடுக்க ஷிப்டு முடிந்த கையோடு வந்து நின்ற என் மச்சானின் ஷூ கம்பெனி நண்பர்களுக்கு நன்றி. ராத்திரி முழுக்க அம்மாவுக்கும் மாமியாருக்கும் தூங்க இடம் பார்த்துக் கொடுத்த செக்யூரிட்டி அக்காவுக்கும், தங்கையை முதல் முறை எழுப்பி நடக்க வைத்து, துணி மாற்றிவிட்டு, கொடுத்த காசை வாங்காமல் போன துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கும் நன்றி.

பாப்பாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாமியார் ஒரு பெயர் சொல்கிறார், தங்கை ஒன்று சொல்கிறாள், பஞ்சாயத்து நடக்கிறது. நாள் குறித்ததும் நர்சம்மாவுக்கு நேரில் வந்து சொல்கிறோம். டூட்டி என்று தட்டிக் கழிக்கக் கூடாது. ஷூ கம்பெனித் தம்பிகளே, உங்களுக்கு பிரியாணி உண்டு.

இப்படிக்கு,
பாப்பாவின் பெரியம்மா