மஞ்சள் இலையும் கைப்பேசியும்

ஃபிரைபுர்க், ஜெர்மனி

அன்புள்ள அப்புச்சிக்கு,

வணக்கம். நான் நலம், தாங்களும் அம்மிச்சியும் நலந்தானே? இங்கே கார்த்திகைக் குளிர் பழகிவிட்டது; மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை.

இலையைப் படமெடுத்துக் காட்டினால் நோயைச் சொல்லும் செயலி ஒன்றைச் சின்ன மாமா கைப்பேசியில் வைத்திருப்பதாகவும், அதை நம்பி நம் மஞ்சக்காட்டுக்கு மருந்து அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் வேலையும் அதே வகையைச் சேர்ந்தது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வோர் உயிரணுவும் எதுவரை பரவியிருக்கிறது என்று கணினிக்குக் கற்பிப்பதே எங்கள் பணி. முதலில் மனிதர்தாம் திரையில் ஒவ்வோர் உயிரணுவின் விளிம்பையும் வரைந்து தர வேண்டும். இரண்டு உயிரணுக்கள் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் வரப்பு எங்கே என்பதில் அனுபவசாலிகளே மாறுபடுவார்கள். இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் 2015-இல் உருவான யூ-நெட் என்னும் முறை, அந்த மெல்லிய இடைவெளியில் நேரும் பிழையைப் பெரும்பிழையாகக் கணக்கிட்டுக் கற்றது. பழ ஈப் புழுவின் நரம்புத் திசுவைப் பிரித்தறிய அதற்குக் கிடைத்தவை 30 படங்கள்தாம். அவற்றையே இழுத்தும் நெளித்தும் காட்டிப் பழக்கினார்கள். அந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பழகாத படத்தைக் கண்டால் இந்த முறைகள் தடுமாறும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு பழக்கிய நிரல், அதே தொகுப்பின் படங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் அது 31 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டது. தக்காளியும் மக்காச்சோளமும் இருந்த அந்தத் தொகுப்பில் மஞ்சளே இல்லை. அதோடு, இலை மஞ்சளிப்பது கிழங்கு அழுகலாலும் வரும், இரும்புச்சத்துக் குறைவாலும் வரும் என்பது தாங்கள் அறியாததல்ல. மண்ணுக்குள் இருக்கும் அழுகலை இலைப்படம் எப்படிக் காட்டும்?

எனவே மருந்து வாங்குமுன் ஒரு செடியைத் தோண்டி, தண்டின் அடி நீர்கோத்து மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காட்டிக் கேளுங்கள். மாமாவிடம் சொல்லி, இலையைப் பறிக்காமல் செடியிலேயே வைத்து, வெயிலிலும் மழை மூட்டத்திலும் படமெடுத்து, தாங்கள் உறுதிசெய்த நோயின் பெயரோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நம் பக்கத்து மஞ்சளைப் பார்த்துக் கற்ற நிரல் ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

தங்கள் அன்புப் பேத்தி