தீபாவளிக்கு வரும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தொண்டூழியப் பிள்ளைகளே,

வணக்கம். நான் சிங்கப்பூரில், முதியவர்களைத் தாதிகள் பார்த்துக்கொள்ளும் ஒரு தாதிமை இல்லத்தில் இருப்பவள். வயது 81. ஜன்னலோரக் கட்டில். கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்லப் பேத்தி கைப்பேசியில் தட்டுகிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நாற்பது பேராக வருகிறீர்கள். மைக்கில் பாடுகிறீர்கள், எங்களோடு படம் எடுத்துக்கொள்கிறீர்கள், ஆளுக்கொரு பை கொடுக்கிறீர்கள். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் பையில் முறுக்கு இருக்கிறது. எங்களில் பாதிப் பேருக்குப் பல் இல்லை, பலருக்குச் சர்க்கரை. எதிர்க்கட்டில் அம்மாவுக்குத் தண்ணீரையே மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் போனதும் தாதி முறுக்கையெல்லாம் எடுத்து வைத்துவிடுவார். சரி, அது போகட்டும்.

போன வருஷம் ஒரு தம்பி கையில் தாளோடு வந்தான். "பாட்டி, உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் எது?" என்று கேட்டான். கல்யாண நாள் என்றேன். அவனும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். நான் சொன்னது பொய். கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல், பாதி ஞாபகமே இல்லை. பின்னால் இன்னும் நாலு கேள்வி காத்திருந்ததால், சட்டென்று முடிகிற பதிலைச் சொல்லிவிட்டேன்.

உண்மையில் மறக்காத நாள், அப்பா கப்பலேறிய நாள். அவருக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் துரு சுரண்டும் வேலை. நாங்கள் 'நேவல் பேஸ்' என்றுதான் சொல்வோம். கப்பலின் பக்கவாட்டில் பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரண்ட வேண்டும். பிறகு செந்நிறச் சாயம் பூச வேண்டும். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு போகாது. அந்தக் கையாலேயே சோறு பிசைந்து எங்களுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பார். காது மந்தம், அதனால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் 1971க்குள் கிளம்பிவிடுவதாக அறிவித்தார்கள். அப்பாவிடம் இருந்தது நீல அடையாள அட்டை, குடியுரிமை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், யாரும் சொல்லவுமில்லை, வாங்கி வைக்கவுமில்லை. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1969இல் அப்பா, அம்மாவையும் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கல்யாணமாகிவிட்டதால் நான் மட்டும் இங்கே.

கப்பலேறுவதற்கு முதல் நாள் தேக்கா கடைத்தெருவில் கோடாலித் தைலம் ஒரு டஜன் வாங்கினார். ஊரில் சொந்தக்காரர்களுக்குத் தலைக்கு ஒன்று. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து, அதில் ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, "எண்ணி வாங்கியது, ஒன்று குறையும், பரவாயில்லை" என்றார். கத்தாமல், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். 1974இல் ஊரிலிருந்து தந்தி வந்தது. கைக்குழந்தை இருந்தது, போக முடியவில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். நடுவில் தூங்கியும் போவேன். ஒரு கட்டிலுக்கு ஐந்து நிமிஷம் என்று வந்தால் கல்யாண நாள்தான் கிடைக்கும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன அம்மா. தமிழ் தெரியாது என்பதால் நீங்கள் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். அவரும் நேவல் பேஸ் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, ஆள்தான். நாங்கள் இரண்டு பேரும் பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், விடிய விடிய வம்பு பேசுகிறோம். உங்களுக்கும் உங்கள் சீன நண்பர்களுக்கும் ஆங்கிலம் மாதிரி, எங்களுக்கு அது. மலாய் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தால் அந்தச் சீன அம்மாவிடமும் கேட்கலாம். அவர் பன்றி வளர்த்த கதை என் கதையைவிட நன்றாக இருக்கும்.

அரசாங்கம் 1979லேயே வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் அவர்கள் வர முடியுமா? நீங்கள் முடியும். நாற்பது பேரும் ஒரே நாளில் வராமல், இரண்டிரண்டு பேராகச் சாதாரண நாளில் வாருங்கள். தாள் வேண்டாம். "என்ன வேலை பார்த்தீர்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்று சொன்னால் உடனே எழுந்துவிடாதீர்கள், சும்மா உட்கார்ந்திருங்கள். எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், திருத்த வேண்டியிருக்கும். அப்புறம் அதை ஒரு பக்கமாகச் சுருக்கி ஆங்கிலத்தில் தாதிகளிடம் கொடுங்கள். மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்த பிள்ளைகள் அவர்கள். என் ரத்த அழுத்தம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் நான் ஏன் கோடாலித் தைல பாட்டிலைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்க விடமாட்டேன் என்கிறேன் என்பது தெரியாது. காலி பாட்டில்தானே என்று இரண்டு தரம் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

மூன்று மணிக்குத் தேநீர் வரும். ஐந்துக்கெல்லாம் இரவுச் சாப்பாடு. நடுவில் வாருங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்கு உடற்பயிற்சி.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கட்டில் பாட்டி