செட்டைக் கொடுத்துவிட்டேன், அண்ணா

அண்ணா,

அப்பாவின் லவுட்ஸ்பீக்கர் செட்டை நேற்றுப் பின்னேரம் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹோர்ன், அம்பிளிபயர், வயர்ச் சுருள், எல்லாம். தொகை உங்களுக்குத் தெரியும். இதை ஊரார் வாசிப்பார்கள், அதனால் எழுதவில்லை. அப்பாவின் திவசத்துக்கு முன்னம் கொடுத்தது சரியில்லை என்று மாமி சொன்னாவாம். பிறகு கொடுத்திருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பா.

வாங்க வந்தவர் அதிகம் பேசவில்லை. "முழு செட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அதோடு எனக்கு அந்த வைகாசிக் குளிர்த்தித் திருவிழா இரவு வந்துவிட்டது.

கண்ணகி அம்மன் கோயில் வளவில் அப்பா தென்னையில் ஏறி ஹோர்ன் கட்டுகிறார். நான் கீழே வயர் பிடிக்கிறேன். நீங்கள் அம்பிளிபயருக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்த இங்கிலீஷ் அகராதியோடு. "மைக்கைப் பாரு" என்று அப்பா மேலிருந்து கத்தினார். ஊரில் யாராக இருந்தாலும் ஹலோ, ஹலோ என்பார்கள். நீங்கள் "செட், செட், செட்" என்றீர்கள். இப்ப, நேற்று, எப்பவோ, மூன்று காலத்துக்கும் அதே சொல்தானாம். அதோடு விட்டீர்களா? பொழுது பட்டாலும் செட், தயிர் உறைந்தாலும் செட், கொங்கிறீட் இறுகினாலும் செட், முறிந்த எலும்பைப் பொருத்தினாலும் செட், சோதனைக்குக் கேள்வி போட்டாலும் செட், அலாரம் வைத்தாலும் செட், வீட்டுக்கு நெருப்பு வைத்தாலும் செட். முழு ஊருக்கும் கேட்டது. பொங்கப் பானையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். பூசை செய்கிற கட்டாடியார் முறைத்தார். அப்பா மரத்திலிருந்தே, "நான் கட்டுறதும் செட்தான் மனே, அதையும் சொல்லு" என்றார்.

நீங்கள் மைக்கை மூடாமலே, "அது வேற செட்" என்றீர்கள்.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் சொன்னது சரிதான், பிற்பாடு நானும் தேடிப் பார்த்தேன். இருத்து, உட்கார வை என்று பொருள்படும் பழைய ஆங்கில வினை ஒன்று. தொகுதி, கூட்டம் என்கிற பெயர்ச்சொல்லில் இலத்தீன் 'செக்டா' பிரெஞ்சு வழியாக வந்து கலந்திருக்கிறது. ஒருவர் பின்னால் போகிற ஆட்கள் என்று அதற்கு அர்த்தம். வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் போனது நான்தான், அண்ணா. அகராதியில் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த இரவு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எங்கட செட் முழுக்க உங்களைப் பற்றித்தான் கதை. 1989இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த வினைக்கு 430 பொருள், விளக்கம் மட்டும் 60,000 சொல் என்று நீங்கள் சொன்னதை நான் எல்லாரிடமும் ஒப்புவித்தேன். யாரும் நம்பவில்லை. ஒருத்தன், "அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தயிர் புளிச்சிடும்" என்றான்.

போன வருசம் போனில், "இப்ப செட் இல்லை, 'ரன்' முந்திட்டுது, வினைக்கு மட்டும் 645 பொருள்" என்றீர்கள். ரயில், இயந்திரம், கணினி எல்லாம் ஓடத் தொடங்கியதில் அந்தச் சொல் வீங்கிவிட்டது என்று விளக்கமும் தந்தீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஓடினவர்களை எண்ணினாலே...

சரி, அது வேண்டாம். நீங்கள் ஓடினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரம் நீங்கள் இங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் பொதுவில் எழுத முடியாது.

ஆனால் "ஒரு ஹோர்னையாவது எடுத்து வைத்திருக்கலாமே" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. எங்கே வைக்க? மழைக்குக் கறல் பிடித்ததைத் தேய்த்தது யார்? இப்போது கோயிலுக்கும் கலியாணத்துக்கும் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ்தான் கேட்கிறார்கள். ஹோர்ன் செட் ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். கடைசியாக ஹயருக்குப் போன இடத்தில் பாதிக் காசுதான் தந்தார்கள், ஆள் செத்த வீடு என்பதால் நானும் கேட்கவில்லை. உங்களிடம் முதலே சொல்லாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் கேட்டிருப்பேன், இன்னும் ஒரு மாரி அது தாழ்வாரத்தில் கிடந்திருக்கும்.

உங்கள் பங்கைத் தனியாக வைத்திருக்கிறேன். அம்மாவின் பல் செட்டுக்கு அதிலிருந்து எடுக்கட்டுமா என்று சொல்லுங்கள். பழையது மேலே நிற்கவே மாட்டேன் என்கிறதாம், பேசும்போது கழன்று விழுகிறது. அவ அதற்காகப் பேச்சைக் குறைக்கிற ஆளும் இல்லை.

அப்புறம், சின்னவள் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியிருக்கிறாள். தமிழில் 'தொடை' என்று படித்த கணக்குப் பாடம் அங்கே 'செட்' என்று வருகிறதாம். டிவி செட்டும் அதுவும் ஒன்றா என்று என்னைக் கேட்கிறாள். பெரியப்பாவைக் கேள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள். போன முறை மாதிரி மீட்டிங்கில் நிற்கிறேன் என்று வைத்துவிடாதீர்கள். தயிரிலிருந்து தொடங்குங்கள், அவளுக்குச் சட்டென்று பிடிபடும்.

தம்பி
மட்டக்களப்பு