ஏற்றத்தில் கியர் கடகடக்கிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கியர் சைக்கிள் வாங்கிப்போன பலரும் திரும்பி வந்து சொல்வது ஒன்றுதான்: ஏற்றத்தில் கியர் மாற்றினால் கடகடவென்று சத்தம், சில நேரம் செயினே கழன்றுவிடுகிறது. பெரும்பாலும் வண்டியில் கோளாறு இல்லை. கியர் மாற்றும் கருவியான டீரெய்லர், ஓடுகிற செயினைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த பல்சக்கரத்தில் ஏற்றிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கும்போது இறுகிய செயின் எப்படி நகரும்? மேடு தொடங்கும் முன்பே மாற்றுங்கள். மிதிப்பதை நிறுத்தாமல், அந்த நொடி மட்டும் காலை லேசாக்குங்கள்.

இதுவே சிரமம் என்பவர்களுக்குப் பழைய கதை ஒன்று. பிரான்சில் போல் தெ விவி என்பவர் நூறு வருடத்துக்கு முன்பே கியர் வேண்டும் என்று எழுதித் தள்ளினார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சோ, அதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று சொல்லிவிட்டார். பிடிவாதம்தான், வேறென்ன! பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, நட்டைக் கழற்றி, பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டி, மறுபக்கம் இருந்த பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். தெக்ராஞ்ச் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-இல்தான் டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது.

அப்புறம் இத்தாலியின் காம்பக்னோலோ நிறுவனம் கொண்டுவந்த கம்பியோ கோர்சா என்ற கியர் மாற்றும் அமைப்பு. சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு நீளக் கம்பிகள். ஓடும் வண்டியில் கையைப் பின்னால் விட்டு, முதல் கம்பியைத் திருப்பிச் சக்கரத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும். ஆமாம், ஓடும்போதே! பிறகு பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே அடுத்த கம்பியால் செயினைத் தள்ள வேண்டும். செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கத் தனி உருளை கிடையாது. அச்சு, பல் வெட்டிய பள்ளத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து அதைச் சரிசெய்யும். கடைசியில் மறுபடி இறுக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டுதான் இத்தாலிய வீரர் ஜீனோ பர்த்தாலி 1948-இல் டூரை வென்றார்.

உங்கள் வண்டியில் ஒரு விரல் அசைத்தால் போதும். காலை லேசாக்கி மாற்றியும் கடகடப்பு நிற்கவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கும். புது வண்டியில் முதல் சில வாரங்களில் அது சகஜம். கடைக்குக் கொண்டுவாருங்கள், இறுக்கித் தருகிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.